பழைய லொறி கராஜ் காணி: எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும்?

கிராண்ட்பாஸ்வாசி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கிராண்ட்பாஸில் சித்தப்பாவின் பெயரில் 36 பேர்ச் காணி ஒன்று இருக்கிறது. எண்பதுகளிலிருந்து அது லொறி கராஜ். நிலத்துக்கடியில் ஒரு டீசல் தாங்கி, பின்பக்கம் பற்றறி வேலை செய்த கொட்டில். ஒரு காலத்தில் பீப்பாக்களில் பெற்றோலும் வைத்திருந்தார்களாம். கராஜை மூடியாகிவிட்டது. கீழே இரண்டு கடையும் வாகனத் தரிப்பிடமும், மேலே நான்கு மாடி வீடுகள் என்று கட்ட யோசனை. கடன் கேட்ட இடத்தில் மண் பரிசோதனை ரிப்போட் வேண்டும் என்றார்கள், எடுத்தோம். வந்தது இதுதான்:

தாங்கிக்கு அடியில் 2.5 மீற்றர் ஆழத்தில் ரி.பி.எச்., அதாவது மொத்த எண்ணெய் ஐதரோகாபன், கிலோவுக்கு 6,200 மில்லிகிராம். காணியின் மற்ற இடங்களில் 300 முதல் 900 வரை. பற்றறிக் கொட்டிலின் மேல்மண்ணில் ஈயம் 310. நிலத்தடி நீர் 2 மீற்றரிலேயே நிற்கிறது. கண்காணிப்புக் குழாய் மூன்று இறக்கினார்கள். ஒன்றில் தண்ணீருக்கு மேல் 4 சென்ரிமீற்றர் எண்ணெய் மிதக்கிறது. இரண்டாவதில், பெற்றோலில் இருக்கிற பென்சீன் லீற்றருக்கு 140 மைக்ரோகிராம். மேற்கு மதிலோரம் இருக்கும் மூன்றாவதில் "கண்டறியப்படவில்லை". அந்த மதிலுக்கு அப்பால் ஒரு வீட்டுக் கிணறு. குளிக்க, துவைக்கத்தான் பாவிக்கிறோம், பைப் தண்ணி வெட்டுகிற நாளில் சமையலுக்கும் எடுப்போம் என்று அந்த வீட்டு அன்ரி சொன்னார்.

இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டோம். ஒருவர், ஒல்லாந்து நியமப்படி மண் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே வரும்வரை முழுக் காணியையும் தோண்டி அகற்ற வேண்டும் என்கிறார். அந்தக் காசுக்கு ஒரு மாடியே கட்டலாம். மற்றவர், நிலத்தடி நீரில் எண்ணெயும் கிரீஸும் லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கிறது, வர்த்தமானிப்படி பாஸ், தாங்கியை மட்டும் எடுத்துவிட்டுக் கட்டலாம் என்கிறார். சித்தப்பா இரண்டாமவரை ஏற்கெனவே பிடித்துக்கொண்டுவிட்டார். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. உண்மையில் இந்த இலக்கை யார், எதை வைத்துத் தீர்மானிப்பது?

தெமட்டகொடை பாஸ்:

தம்பி, இந்தப் பக்கம் எந்தக் காணியைத் தோண்டினாலும் எண்ணெயோ குப்பையோ வரும். எல்லாவற்றையும் பரிசோதித்தால் கொழும்பில் ஒரு வீடும் எழும்பாது. நல்ல தடிப்பாக ஆறு அங்குலக் கொன்கிரீட் போட்டு மூடுங்கள். மண் எடுக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கும் செலவில்லை, தாழ்ந்த காணி நிரப்ப மண் தேடுகிறவர்கள் லொறியோடு வந்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

ஊற்றுக்கண்:

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். நிலத்தடி நீர்தான் தொழில். வளைகுடாவில் எண்ணெய்க் களஞ்சியங்களைச் சுற்றிக் குழாய் இறக்கித் திரிந்த காலம் அதிகம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டு நிறுவனங்களும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன: காணியைப் பார்க்காமல் பட்டியலைப் பார்த்திருக்கின்றன.

முதலில் அந்த 50. ஒல்லாந்தின் 2000ஆம் ஆண்டுப் பட்டியலில் கனிம எண்ணெய்க்கு இரண்டு அளவுகள் உண்டு. 50 என்பது கெடாத நல்ல மண் எப்படி இருக்கும் என்பதற்கு. 5,000 என்பது அதைத் தாண்டினால் நிலம் கடுமையாகக் கெட்டிருக்கிறது, ஏதாவது செய்தாக வேண்டும் என்பதற்கு. "இந்தக் காணியில் இந்த அளவோடு வேலையை நிறுத்து" என்று இரண்டுமே சொல்லவில்லை. அத்தோடு அவை 10 சதவீதம் உக்கல், 25 சதவீதம் களி உள்ள மண்ணை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கிராண்ட்பாஸ் களனி கங்கையை ஒட்டிய தாழ்நிலம். கொட்டி நிரப்பிய மண்ணுக்குக் கீழே கறுப்புச் சதுப்பு மண் வருகிற இடங்கள் அங்கே நிறைய. உக்கிய இலைதழையிலிருந்து வரும் மெழுகும் அமிலங்களும் ரி.பி.எச். பரிசோதனையில் எண்ணெய்க் கணக்கிலேயே சேர்ந்துவிடும். மண்ணிலிருந்து கரைப்பானால் எடுத்த சாற்றைச் சிலிக்கா ஜெல்லில் விட்டுச் சுத்தப்படுத்திய பிறகு அளந்தால்தான் அது பெருமளவு கழியும். மற்ற இடங்களில் வந்த 300, 900 எல்லாம் டீசலா சதுப்பா என்று முதலில் கேளுங்கள். ஒரு துளி எண்ணெயும் விழாத மண்ணே 50ஐத் தாண்டக்கூடிய இடத்தில் 50ஐ இலக்காக வைத்தால் தோண்டுவதற்கு முடிவே இருக்காது. தோண்டுகிறவருக்கு அது நல்ல இலக்குத்தான். வேலை செய்து காசு வாங்கப் போகிறவரையே எவ்வளவு வேலை என்று தீர்மானிக்க விட்டால் இப்படித்தான் வரும்.

அடுத்து அந்த 10 மில்லிகிராம். அது 2008ஆம் ஆண்டின் 1534/18 இலக்க வர்த்தமானியில் வந்தது, பொய் இல்லை. ஆனால் அது தொழிற்சாலை தன் கழிவு நீரைச் சுத்திகரித்து ஆற்றிலோ ஓடையிலோ விடுவதற்கான எல்லை. கிணற்று நீருக்கு எழுதியது அல்ல. அதைவிட மோசமானது பரிசோதனை முறை. எண்ணெய், கிரீஸ் அளக்கும்போது கரைப்பானைச் சூடாக்கி ஆவியாக்கிவிட்டு மிஞ்சியதை நிறுக்கிறார்கள். பெற்றோலின் இலகுவான பகுதி, பென்சீன் உட்பட, கரைப்பானோடு சேர்ந்து பறந்துவிடும். நீங்கள் பயப்பட வேண்டிய பொருளைத் துரத்திவிட்டு மிச்சத்தை நிறுக்கும் பரிசோதனை அது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்கு வைத்திருக்கும் அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். அதாவது உங்கள் ஆள் காட்டும் 10 மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ரிப்போட்டில் "பாஸ்" என்று எழுதியவர் கண்ணில் உங்கள் 140 எப்படிப் படாமல் போனது?

சரி, அப்படியென்றால் எதை வைத்து இலக்கு வைப்பது? எந்தப் பொருள், எந்த வழியாக, யாருடைய உடம்புக்குள் போகும் என்று ஒவ்வொரு பாதையாகப் பார்க்க வேண்டும். மண்ணைத் தொட்டு விழுங்குவது, ஆவியைச் சுவாசிப்பது, கிணற்று நீரைக் குடிப்பது, அத்திவாரம் வெட்டுகிற தொழிலாளி அதில் நிற்பது. ஒவ்வொரு பாதைக்கும், தாங்கக்கூடிய தீங்கு எவ்வளவு என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் ஓர் அளவு வரும். ஒரே மண்ணுக்குப் பல பாதைகள் இருந்தால் மிகக் குறைந்த அளவுதான் ஆளும். ஒரு பாதையை நிரந்தரமாக அடைத்துவிட்டால் அதன் அளவு கணக்கிலிருந்து விலகும், ஆனால் அடைப்பைப் பராமரிக்கும் பொறுப்பு காணியோடு ஒட்டிக்கொள்ளும்.

இதில் விஞ்ஞானம் பாதிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் குடிநீரில் பென்சீனுக்குச் சட்ட எல்லை 5, உலக சுகாதார நிறுவனத்தின் அளவு 10. இரண்டும் ஒரே நோயைப் பார்த்துத்தான் வைத்தவை. 10 என்பது வாழ்நாள் முழுக்கக் குடித்தால் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்ற கணக்கு. மாசுபட்ட நிலங்களுக்கு அமெரிக்கச் சூழல் நிறுவனம் ஏற்கும் வீச்சு பத்து லட்சத்தில் ஒருவர் முதல் பத்தாயிரத்தில் ஒருவர் வரை. எவ்வளவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை எந்த ஆய்வுகூடமும் சொல்லாது.

உங்கள் ஈயத்தைப் பாருங்கள். 310. ஒல்லாந்தின் 530ஐ வைத்தால் தலையிடத் தேவையில்லை. அமெரிக்காவில் வீட்டு மண்ணுக்கு நெடுங்காலம் இருந்த 400ஐ வைத்தாலும் தப்பும். 2024இல் அதை 200ஆகக் குறைத்தார்கள், அதை வைத்தால் தவறும். அங்கே சிறு பிள்ளை நாள்தோறும் கொஞ்சம் மண்ணை விழுங்கும் என்று வைத்தே கணக்குப் போடுகிறார்கள். உங்கள் கட்டடத்தில் அந்த மூலையில் பிள்ளைகள் விளையாடுவார்களா, வாகனம் நிற்குமா? ஈயம் இலகுவில் கீழே இறங்காது, மேல்மண்ணிலேயே நிற்கும். கொட்டிலின் அளவு மண்தானே. இதில் வாதாடாமல் எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் எண்ணம்.

தாங்கிப் பக்கம் அப்படி இல்லை. அங்கே மூன்று இடத்துக்கு மூன்று இலக்கு வேண்டும்.

தாங்கிக்கு நேர் கீழே செறிவு இலக்கே வைக்காதீர்கள். அங்கே முதல் வேலை மிதக்கும் எண்ணெயை எடுப்பது, இனி எடுக்க வராது என்ற நிலை வரும்வரை. குழாயில் 4 சென்ரிமீற்றர் என்றால் மண்ணிலும் அதே தடிப்பு என்று நினைக்க வேண்டாம். மண் துளைகளில் விளக்குத் திரியில் ஊறியது போல அது பிடித்துக்கொண்டிருக்கும், கடைசித் துளி வராது. ஆனால் அது அங்கே இருக்கும்வரை தண்ணீரைப் பம்ப் செய்து பென்சீனைக் குறைக்கப் பார்ப்பது வீண் செலவு. 1994இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் பம்ப் செய்து சுத்திகரித்த 77 தளங்களை எடுத்துப் பார்த்தது. இலக்கை எட்டியிருந்தவை 8.

மேற்கு மதில் இரண்டாவது இடம். என்னைக் கேட்டால் உங்கள் உண்மையான இலக்கு இருக்க வேண்டிய இடம் அதுதான். கிணறு மூன்றாவது. அந்தக் கிணற்றுக்குக் குடிநீர் அளவையே வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். அம்பத்தளையிலிருந்து பைப்பில் தண்ணி வருகிறதே, கிணறு குளிக்கத்தானே என்பார்கள். வெட்டுகிற நாளில் அந்த அன்ரி அதில் சோறு வடிப்பதை யார் நிறுத்துவது? கிணற்றில் 10 இருக்கலாம் என்றால், வழியில் மண்ணும் நுண்ணுயிர்களும் எவ்வளவு குறைக்கும் என்று கணக்கிட்டு மதிலில் எவ்வளவு இருக்கலாம் என்று பின்னோக்கி வர வேண்டும். அதற்கு நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிய வேண்டும். மூன்று குழாயின் நீர் மட்டத்தையும் ஒரே நாளில் அளந்தார்களா?

பாஸ் அண்ணைக்கும் ஒன்று. கொன்கிரீட் மண்ணைத் தொடுவதை நிறுத்தும், அது சரி. ஆவியை நிறுத்தாது. தளம் வெடிக்கும், குழாய் போகும் ஓட்டையும் இருக்கும். எண்ணெய்க் கசிவுகளுக்கான 2015 அமெரிக்க வழிகாட்டியில், மிதக்கும் எண்ணெய்க்கும் கட்டடத்துக்கும் நடுவே 15 அடி நல்ல மண் இருந்தால்தான் ஆவியைப் பற்றிக் கவலைப்படாமல் விடலாம் என்கிறார்கள். கரைந்த மாசுக்கு 6 அடி. இவருக்கு நீர் மட்டமே 2 மீற்றரில், அதாவது ஆறரை அடியில். மூடிய கடை அதன் மேல் வந்தால் உள்ளே நாள் முழுக்க நிற்கிற பையன்தான் அதைச் சுவாசிப்பான். அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போகிறவர்கள் எந்தத் தாழ்ந்த காணியில் கொட்டுவார்கள்? அங்கேயும் பக்கத்தில் ஒரு கிணறு இருக்கும். அந்தக் கணக்கைப் போட ஆள் இருக்காது.

கண்ணாடிக் குப்பி:

ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன், எங்கே என்று சொல்ல மாட்டேன். மேற்குக் குழாயில் "கண்டறியப்படவில்லை" என்று வந்ததே, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் கண்டறியும் எல்லை எவ்வளவு என்று போட்டிருக்கும், பார்த்தீர்களா? இலக்கு 10 என்றால் அதைவிட நன்றாகக் குறைவாக அளக்கக்கூடிய கருவி வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பெறுமதி இல்லை.

மாதிரி எப்படி எடுத்தார்கள் என்பதும் முக்கியம். பென்சீனுக்கு 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும், அமிலத் துளி போட்டிருக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் வர வேண்டும். எங்களிடம் தண்ணிப் போத்தலில் பாதி நிரப்பி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தருகிறவர்கள் உண்டு. நாங்கள் அளந்துதான் கொடுப்போம், "வாடிக்கையாளர் கொண்டுவந்த மாதிரி" என்று ஒரு வரியும் போடுவோம். அந்த வரியை யாரும் வாசிப்பதில்லை.

கிராண்ட்பாஸ்வாசி:

ரிப்போட்டை இப்போது திரும்ப எடுத்துப் பார்த்தேன். கண்டறியும் எல்லை 50 மைக்ரோகிராம் என்று இருக்கிறது! குடிநீர் அளவைப் போல ஐந்து மடங்கு. சிலிக்கா ஜெல் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாதிரி எடுத்தது நவம்பர் கடைசியில், அந்தக் கிழமை முழுக்க மழை.

ஊற்றுக்கண்:

நவம்பர் கடைசி என்றால் இன்னும் ஒரு விஷயம். மழையில் நீர் மட்டம் ஏறும்போது எண்ணெயில் ஒரு பகுதி நீருக்கு அடியில் மண்ணிலேயே சிக்கிக்கொள்ளும், குழாயில் மெல்லிசாகத் தெரியும். சில இடங்களில் ஒன்றுமே தெரியாது. பெப்ரவரியில் மட்டம் இறங்கியதும் திரும்ப வந்து மிதக்கும். மழைக்காலத்தில் 4 சென்ரிமீற்றர் என்றால் வறட்சியில் அதைவிடக் கூடலாம். மாரியில் மாதிரி எடுத்துச் "சுத்தம்" என்று கையெழுத்து வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இலக்கை எழுதும்போது அளவை மட்டும் எழுதாதீர்கள். எந்தக் குழாயில், எந்தப் பரிசோதனை முறையில், எத்தனை தடவை தொடர்ந்து என்பதையும் எழுதுங்கள். குறைந்தது ஒரு வருடம், காலாண்டுக்கு ஒன்றாக, வறண்ட மாதமும் தென்மேற்குப் பருவமழையும் உள்ளே வரும்படி. மதில் குழாயில் எல்லாம் இலக்குக்குக் கீழே இருந்து, ஏறுமுகமும் இல்லை என்றால் நிறுத்தலாம். நிறுத்தும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் முடிந்தது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள், அல்லது எல்லோரும் மிக விரைவில் சொல்லிவிடுவார்கள்.

புதுக்கடை சட்டத்தரணி:

ஒரு சிறு குறிப்பு. சுன்னாகம் மின்நிலைய எண்ணெய்க் கசிவு வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை வைத்து, கிணறுகள் பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபாய் செலுத்தச் சொன்னது. அது பெரிய நிறுவனம், நீங்கள் சிறிய காணிக்காரர், இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் கிணற்றுக்காரர் நாளைக்கு வழக்குப் போட்டால் "வர்த்தமானிப்படி பாஸ்" என்ற அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றாது. இலக்கு எப்படி வந்தது என்ற கணக்கோடு மத்திய சுற்றாடல் அதிகார சபைக்குக் கடிதம் மூலம் அறிவித்துப் பதிலையும் கோப்பில் வையுங்கள். தொலைபேசியில் "பிரச்சினை இல்லை" என்று யாராவது சொன்னால் அது பதில் அல்ல.

தெமட்டகொடை பாஸ்:

ஆவி விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்துகொண்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன் ஐயா. லிப்ட் குழி வெட்டும்போது 2 மீற்றரில் தண்ணி வந்தால் மோட்டார் போட்டு இறைத்து வீதிக் கானுக்குத்தானே விடுவோம்? அதையும் நிறுத்தச் சொல்வீர்களா?

ஊற்றுக்கண்:

நல்ல கேள்வி. அங்கேதான் அந்த 10 மில்லிகிராமுக்கு வேலை இருக்கிறது. இறைத்த நீரை வெளியே விடுகிறீர்கள் என்றால் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாக விட்டு, வெளியேறும் எல்லைக்குள் இருக்கிறது என்று காட்ட வேண்டும், அனுமதியும் கேட்க வேண்டும். இன்னொன்று, இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள எண்ணெய் குழியை நோக்கி நகரும். லிப்ட் குழியைத் தாங்கி இருந்த இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

வரைபடத்தில் இன்னும் கை வைக்கலாம் என்றால் கடை இரண்டையும் வீதிப் பக்கம் கொண்டுபோய், நாலாபுறமும் காற்றோடும் வாகனத் தரிப்பிடத்தைத் தாங்கி இருந்த இடத்துக்கு மேல் கொண்டுவாருங்கள். ஆவிப் பாதையின் பெரும்பகுதி அதிலேயே தளர்ந்துவிடும், அங்கே மண்ணுக்கு வைக்க வேண்டிய இலக்கும் தளரும். கட்டடக் கலைஞருக்கு ஒரு நாள் வேலை. தோண்டி எடுப்பதில் எத்தனை லொறி மண் மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கிராண்ட்பாஸ்வாசி:

எல்லோருக்கும் நன்றி. வரைபடத்தை மாற்றலாம், இன்னும் சமர்ப்பிக்கவில்லை. சித்தப்பாவோடு நேற்று இரவு பெரிய வாக்குவாதம். தாங்கியடி மண்ணும் பற்றறி மூலையும் எடுப்பதற்குச் சம்மதித்துவிட்டார். கிணற்றைப் பரிசோதிக்கத்தான் விடமாட்டேன் என்கிறார். "நாமே போய்த் தேடி எடுத்துப் பழியைத் தலையில் போட்டுக்கொள்வதா?" என்று கேட்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதோ என்று படுகிறது.

ஊற்றுக்கண்:

சித்தப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். தாங்கியைத் தூக்கும்போது மண் கலையும், நீர் கலங்கும், கிணற்றில் மணம் வந்தாலும் வரும். பெற்றோலில் இருக்கும் இன்னொரு பொருளான ரொலுயீனுக்குக் குடிநீரில் உடல்நல அளவு லீற்றருக்கு 700 மைக்ரோகிராம், ஆனால் அதற்கு எவ்வளவோ கீழேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். அன்ரி அன்றைக்கே மதிலுக்கு மேலால் கூப்பிடுவார். அதற்கு முந்திய நிலை என்ன என்று உங்கள் கையில் ஒரு தாளும் இல்லாவிட்டால், பழையது, பக்கத்துக் கராஜிலிருந்து வந்தது, நேற்று வந்தது எல்லாம் உங்கள் கணக்கில்தான் ஏறும். இப்போதே எடுத்து 10க்கு மேல் வந்தால், சமையலுக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்லி, வேலை முடியும்வரை நீங்களே தண்ணி கொடுங்கள். நீங்கள் கட்டப் போகும் செலவில் அது ஒரு செலவே அல்ல.

அன்ரியிடம் கேட்டு, அவர் முன்னாலேயே எடுங்கள். ஒரு பிரதி அவருக்கும். கண்டறியும் எல்லை 1 மைக்ரோகிராமோ அதற்கும் குறைவாகவோ இருக்கும் ஆய்வுகூடமா என்று காசு கட்ட முன் கேட்டுவிடுங்கள். அதுவரை தாங்கியில் கை வைக்க வேண்டாம்.